கொஞ்சம் மூங்கில், கொஞ்சம் விஷம்

"ஒட்டுதா?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

டெரன்ஸ் தன் ஆள்காட்டி விரலைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பட்டாணி அளவில் வெளிறிய மஞ்சள் கல் ஒன்று அவனுடைய ஈர விரல் நுனியில் பல்லி போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கல்யாணத் தரகர் மாதிரி ஒட்டுது அண்ணாச்சி. உதறினாலும் போகமாட்டேங்கு."

"அப்போ அசல்தான்." ஏரல் கடைத்தெருவில் முப்பது வருடமாக நாட்டு மருந்துக் கடை நடத்தும் சங்கரபாண்டியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுண்ணாம்புக்கட்டியோ எலும்புச் சாம்பலோ கலந்திருந்தா இப்படி ஒட்டாது. இது மூங்கிலுப்பு. பேருதான் உப்பு, கரிக்காது. முத்தின மூங்கில்ல கணுவுக்குள்ள ஊறுத தண்ணி காஞ்சு கல்லாப் போயிரும். நூறு மூங்கிலைப் பொளந்தா நாலுல இருந்தாலே அதிசயம்."

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அந்தக் கல்லைப் போட்டார். சின்னச் சின்னக் குமிழிகள் சரசரவென்று கிளம்பின. சிறிது நேரத்தில் கல் நிறம் மங்கி, இருக்கும் இடம் தெரியாமல் கண்ணாடித் துண்டு போல ஆகிவிட்டது. தன் கடை ஜாடியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துப் பக்கத்து டம்ளரில் போட்டார். அதுவும் அப்படியே ஆனது.

"பாத்தியளா? ரெண்டும் ஒரே சரக்கு."

உமாராணி அந்தச் சிவப்புத் தகர டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தேழு வயது. துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன்பு பதினைந்து வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குச் சேதம் மதிப்பிடும் வேலை. நனைந்த மூட்டையைத் தொட்டே நனைத்தது மழையா, கடலா, குழாய்த் தண்ணீரா என்று சொல்லிவிடுவாள். ஆனால் இந்த டப்பாவின் மேல் இருந்தது முழுக்கச் சீன எழுத்து.

"டெரன்ஸ், உன் போன் என்ன சொல்லுது?"

டெரன்ஸ் தன் கைபேசியை எழுத்துகளுக்கு மேல் பிடித்தான். முப்பது வயது, தொப்பை, ஓயாத வாய். இந்த மூன்றும் சேர்ந்துதான் அவளுடைய உதவியாளர்.

"பெரிய எழுத்து மூணும் இந்த மருந்தோட பேருக்கா. அந்தக் காலத்துல சீனாக்காரன் இந்தியாவுக்கு வச்ச பேரையும் மஞ்சளையும் சேத்து எழுதியிருக்கான். இந்திய மஞ்சள்! நம்ம ஊருச் சரக்கு சீனாவுக்குப் போயி, பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு."

"சின்ன எழுத்து?"

"சூட்டுச் சளி... பிள்ளைக திடுக்கிட்டு அழுதல்..." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "பிள்ளைகளுக்கு வர்ற வலிப்பு."

உமாராணி நிமிர்ந்தாள். "அண்ணாச்சி, நீங்க இதை வலிப்புக்குக் குடுப்பீங்களா?"

"நான் எதுக்குக் குடுக்கேன்? இருமலுக்குக் குடுப்பேன். வலிப்புன்னா பெரியாஸ்பத்திரிக்கு ஓடுன்னு சொல்லிருவேன். சீனத்து வைத்தியத்துலதான் பிள்ளைக வலிப்புக்கு இது பேர் போனது."

"இதுல ஈயம் இருக்குமா?"

"கண்ணால பாத்துச் சொல்ல நான் என்ன மிஷினா? ஆனா ஒண்ணு சொல்லுதேன். இது மூங்கிலுக்குள்ள பிறந்தது. ஈயம் இருக்குன்னா எவனாவது கொண்டாந்து போட்டாத்தான் உண்டு."

எவனாவது. அந்த 'எவனைக்' கண்டுபிடிக்கத்தான் அவர்கள் காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடித் தனியார் மருத்துவமனை ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒன்பது நாளாகக் கிடக்கிறாள் நாலு வயது தர்ஷிகா. ஆகஸ்ட் பதினாறாம் தேதி வலிப்பு வந்தது. காய்ச்சல் வலிப்பு என்று ஒரு டாக்டர் சொன்னார். இரண்டு முறை திரும்ப வந்தது. டாக்டர் கிருபாநிதி ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தபோதுதான் ரத்தத்தில் ஈயம் என்று தெரிந்தது. கொஞ்ச நஞ்சமல்ல. பிள்ளையின் அப்பா ஜெயகணேஷ், மீன்பிடி வலைச் சாமான் கடை வைத்திருப்பவர்; தர்ஷிகாவுக்கு அடுத்து ஒரு கைக்குழந்தையும் உண்டு. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடியதில் அரிசி டின்னுக்குப் பின்னால் இந்தச் சிவப்பு டப்பா கிடைத்தது. பிள்ளையின் அம்மா செல்லக்கனி ஒத்துக்கொண்டாள்: ஆமாம், பதினைந்தாம் தேதி சளிக்குக் கொடுத்தேன். யார் தந்தது என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். ஜெயகணேஷ் அடித்தும் கேட்டுவிட்டார்.

டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை சென்னை ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. பதில் வரப் பத்து நாளாகும். டாக்டர் கிருபாநிதியோ, "ஈயத்தை ரத்தத்துலேருந்து எடுக்க ஊசி போடறேன். ஆனா எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவை இந்த அளவு ஏறினா மூளை தாங்காது" என்று சொல்லிவிட்டார். ஜெயகணேஷ் நேரே உமாராணியிடம் வந்தார். "டப்பா குடுத்தவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அந்த 'மிச்சம்' என்ற சொல் அப்போதே உமாராணிக்குப் பிடிக்கவில்லை.

*

கார் முக்காணியைத் தாண்டியது. உமாராணி ஓட்டினாள். டெரன்ஸ் டப்பா மூடியைப் பிரித்து, உள்பக்கம் ஒட்டியிருந்த நீலக் காகிதத்தைப் பதினோராவது முறையாகப் படித்தான்.

"'குசினிக் கரண்டி வேண்டாம். சின்ன ஸ்பூன்ல பாதி. பால்ல கலக்கி மூணு நாள்.' அக்கா, இத எழுதினவன் அக்கறையான ஆளு. விஷம் குடுக்கிறவன் ஸ்பூன் அளவுக்கா கவலைப்படுவான்?"

"நல்ல கேள்வி. இன்னும் என்ன தெரியுது?"

"குசினி! உங்க வீட்ல அடுப்படிம்பீங்க. குசினின்னு சொல்றது எங்க கடக்கரை ஆளுகதான். இன்னொண்ணு பாருங்க." மூடியை அவள் பக்கம் சாய்த்தான். "எழுத ஆரம்பிக்கும்போது நீங்க பிள்ளையார் சுழி போடுவீங்க. இவன் என்ன போட்டிருக்கான்?"

காகிதத்தின் உச்சியில் கொசு அளவில் ஒரு சிலுவை.

"பின்பக்கம்?"

"முட்டை நாப்பது டிரே, முட்டைக்கோசு, இஞ்சி. பதினாலு எட்டுன்னு தேதி. கப்பலுக்குச் சாமான் ஏத்துற லிஸ்ட்டு. ஆக, கடக்கரைக்காரன், கப்பலுக்குக் காய்கறி கொண்டு போறவன். திரேஸ்புரத்துலருந்து கப்பலுக்குச் சாமான் ஏத்திக்கிட்டு லாஞ்சுப் படகுல போறது மூணே பேரு. ஒருத்தன் சவுதிக்குப் போயி ஆறு மாசமாச்சு. ரெண்டாவது எங்க பெரியப்பா. அவரு எழுதினா அவருக்கே புரியாது. மிச்சம் செபாஸ்டின்."

உமாராணி சிரிக்கவில்லை. பழையகாயல் பாலம் வந்தது. இருபுறமும் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

"டெரன்ஸ், ஒரு விஷயம் உதைக்குது. செல்லக்கனி சளிக்குக் குடுத்தேன்னு சொல்றா. டப்பாவுல வலிப்புன்னு இருக்கு. சளிக்கு மருந்து வேணும்னா ஊர்ல ஆயிரம் இருக்கு. கப்பல் ஏறி எதுக்குப் போகணும்? கால்ல முள்ளு குத்தாதவன் முள்வாங்கி தேடுவானா?"

"அப்படின்னா...?"

கைபேசி அடித்தது. உமாராணியுடையது. டெரன்ஸ் எடுத்தான். "ஆமா அண்ணாச்சி... வந்துகிட்டுத்தான் இருக்கோம்... பாதி கண்டுபிடிச்சாச்சு. கப்பலுக்குச் சாமான் கொண்டு போற ஆளு. திரேஸ்புரம், செபாஸ்டின்னு..."

உமாராணி சட்டென்று திரும்பினாள். அவன் அதற்குள் வைத்துவிட்டான்.

"யாரு?"

"ஜெயகணேஷ் அண்ணாச்சி. பாவம், புலம்புறாரு..."

"பேரைச் சொல்லிட்டியா?"

டெரன்ஸ் விழித்தான். உமாராணி ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஜெயகணேஷின் கடையிலிருந்து திரேஸ்புரம் பத்து நிமிடம். அவர்கள் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். முத்தையாபுரம் தாண்டும் வரை டெரன்ஸ் செபாஸ்டினின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். யாரும் எடுக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் அவன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை.

*

திரேஸ்புரம் கடற்கரையில் சங்கு குளிக்கப் போன படகுகள் திரும்பியிருந்தன. ஆனால் யாரும் சங்கு மூட்டையைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு வட்டமாக நின்றிருந்தார்கள்.

வட்டத்துக்கு நடுவே, குவித்துப் போட்ட வலையின் மேல் செபாஸ்டின் கிடந்தான். கீழுதடு கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். அவன் காலரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார் ஜெயகணேஷ். கூட வந்த இரண்டு பேர் கூட்டத்தைத் தடுத்து நின்றார்கள்.

"சொல்லுல! எம்பிள்ளைக்கு என்னத்தக் குடுத்த?"

"மாதா மேல சத்தியமா மருந்துதான் அண்ணாச்சி..."

டெரன்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் இருவருக்கும் நடுவே புகுந்தான்.

"ஒங்க ஆளுன்னு மறிக்க வாரியா?" என்றார் ஜெயகணேஷ்.

"இவன் பேரக் காட்டிக் குடுத்ததே நான்தான் அண்ணாச்சி. அடிக்கணும்னா என்னைய அடிங்க."

ஜெயகணேஷின் கை தளர்ந்தது. உமாராணி குனிந்து செபாஸ்டினை உட்காரவைத்தாள். தன் கைக்குட்டையை அவன் உதட்டில் அழுத்தினாள். யார் என்ன என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை.

"செபாஸ்டின், அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்ததை நீ எப்பப் பாத்த?"

அவன் திடுக்கிட்டான். ஜெயகணேஷைப் பார்த்தான். தலை குனிந்தான்.

"சொல்ல மாட்டேன்னு அந்தக்காவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்மா."

"வாக்கைக் காப்பாத்தினா பிள்ளை போயிரும்."

கடல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாதா கோயில் கொடியேத்தத்துக்கு மறுநா. ஜூலை இருவத்தேழு. இவுக கடைக்குப் போனேன். அந்தக்கா மட்டும் இருந்தாங்க. பிள்ள கல்லாப் பக்கத்துல விளையாடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பிச்சிட்டு. நான்தான் தூக்கித் தோள்ல போட்டேன். ரெண்டு நிமிசத்துல தெளிஞ்சிட்டு. அந்தக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாத, அவுகளுக்குத் தெரியவே கூடாதுன்னு ஒரே அழுக."

"பொய் சொல்லுதான்!" என்று ஜெயகணேஷ் பாய்ந்தார். "அன்னைக்கு நான் மதுரைக்குச் சரக்கெடுக்க..." வாக்கியம் பாதியில் நின்றது. அன்றைக்கு அவர் கடையில் இல்லை என்பதை அவர் வாயே சொல்லிவிட்டது.

"எனக்கு மனசு கேக்கல" என்றான் செபாஸ்டின். "நிலக்கரிக் கப்பல்ல ஒரு சீனத்துச் சமையக்காரன் பழக்கம். அவன் மகளுக்கும் சின்னதுல இது வந்துச்சாம். போன்ல மொழிபெயர்த்துச் சொன்னேன். உடனே தன் பெட்டியத் திறந்து இந்த டப்பாவ எடுத்துக் குடுத்தான். ஒத்தக் காசு வாங்கல. பதினாலாம் தேதி சாயங்காலம் கொண்டு போய்க் குடுத்தேன்."

உமாராணி எழுந்து ஜெயகணேஷின் எதிரே வந்தாள்.

"மருந்து வந்தது ஆகஸ்ட் பதினாலு. முதல் வலிப்பு ஜூலை இருபத்தேழு. பிள்ளை உடம்புல விஷம் ஏறினதுக்கு அப்புறம்தான் இந்த டப்பா உங்க வீட்டு வாசலுக்கே வந்திருக்கு. நீங்க அடிச்சது உங்க பிள்ளைக்கு உதவ நெனச்ச மனுஷனை."

அவர் முகம் கருத்தது. ஆனால் கோபம் இறங்க மறுத்து, வேறு பக்கம் திரும்பியது. "என்கிட்ட மறைச்சிட்டாளே... மூணு வாரம் மறைச்சிருக்கா பாருங்க!"

கேள்வி இன்னும் அப்படியே நின்றது. டப்பா இல்லையென்றால் ஈயம் எங்கிருந்து வந்தது? அவள் மறுபடி செபாஸ்டின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நீ கடைக்கு எதுக்குப் போன?"

"எங்கண்ணன் வலைக்கு ஈயக்குண்டு வாங்க."

உமாராணியின் பார்வை அவன் உட்கார்ந்திருந்த வலைக்கு இறங்கியது. வலையின் அடிக்கயிறு முழுக்கக் கோத்திருந்த குண்டுகள். பாதி பழையவை, வழவழவென்று ஒரே அச்சு. மீதி புதியவை. ஓரமெல்லாம் பிசிறு, ஒன்றுக்கொன்று அளவு பிசகி, கைவேலை என்று கத்தின. ஒன்றை உள்ளங்கையில் எடுத்தாள். விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது.

"இது எந்தக் கம்பெனி செபாஸ்டின்?"

"கம்பெனி இல்லம்மா. அண்ணாச்சி கடைதான். ரெண்டு மூணு மாசமா இதுதான் குடுக்காக. கேட்டா, வீட்டுத் தயாரிப்புன்னு சொல்லிச் சிரிப்பாக."

சுற்றி நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் ஜெயகணேஷைப் பார்த்தது.

உமாராணி அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லக் கேட்டாள். "உங்க சின்னப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"வீட்டுல... எங்க மதினி பாத்துக்கிடுதாக..."

"எத்தனை மாசம்?"

"பத்து. தவழுதான்..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். செருப்பு ஒன்று மணலில் கழன்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றையும் ஒத்துக்கொள்ளாமல் ஒத்துக்கொண்ட ஓட்டம் அது.

*

டெரன்ஸ் வரவில்லை. "நான் இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா. உதட்டுல தையல் போடணும்" என்று செபாஸ்டினின் தோளைப் பிடித்துக்கொண்டான். உமாராணி ஜெயகணேஷைக் காரில் ஏற்றிக்கொண்டு முத்தையாபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு விரட்டினாள்.

அவர் மதினிக்கு அடித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்து அடித்து நின்றது. நான்காவது முறை கைபேசியை மடியில் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பா காலத்துல உப்பளத்து ஓரமா, வெட்டவெளில காய்ச்சுவோம். எனக்கு ஒண்ணும் ஆகலியே. இப்ப அந்த இடத்துல குடோன் வந்துட்டு. மே மாசத்துலருந்து வீட்டுப் பின்னாடி கொட்டகை போட்டேன். பழைய பேட்டரி ஈயம். ஞாயித்துக்கிழமை காய்ச்சி அச்சுல ஊத்துவேன். தர்ஷு பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுவா. அப்பா வெள்ளிக் குழம்பு வைக்காருன்னு சொல்லுவா. ஆறினதும் அவதான் ஒண்ணொண்ணா எண்ணி டப்பாவுல போடுவா. அவளுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும்."

உமாராணி சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "டாக்டர் உங்ககிட்ட இதைப் பத்திக் கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. வீட்டுல பேட்டரி வேல ஏதாவது நடக்கான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். லைசென்ஸ் இல்ல. வெளிய தெரிஞ்சா சீல் வச்சிருவாங்கன்னு பயம்." கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. அதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோன்னு. மறுநா அந்தச் சிவப்பு டப்பாவப் பாத்தேன் பாருங்க... சத்தியமாச் சொல்லுதேன், அதப் பாத்ததும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

உமாராணி எத்தனையோ குற்றவாளிகளின் வாக்குமூலத்தைக் கேட்டிருக்கிறாள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. செங்கல் அடுப்பின் மேல் ஓர் இரும்புச் சட்டி, உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்து உறைந்திருந்தது. அடுப்புக்கு மேலேயே கொடி கட்டி, பிள்ளைத் துணி காய்ந்தது. ஒரு பக்கம் பிளந்த பேட்டரிப் பெட்டிகள். தரையெல்லாம் மாவு போல நைந்த தூசு. அந்தத் தூசில் சின்னச் சின்ன முழங்கால்கள் ஊர்ந்த தடம், கொட்டகையிலிருந்து புழக்கடை வாசல் வரை ஒரு கோடாகப் போயிருந்தது.

கோடு முடிந்த இடத்தில் பையன் உட்கார்ந்திருந்தான். கயிற்றில் கோத்த நாலைந்து ஈயக்குண்டு அவன் கையில் கிலுகிலுவென்று ஆடியது. ஒரு நுனி வாய்க்குள் இருந்தது.

"ரொம்ப அழுதான். விளையாடட்டும்னு குடுத்தேன்" என்றபடி மதினி வெளியே வந்தாள். "என்ன கொழுந்தனாரே, ஏன் இப்படி முழிக்கிய?"

ஜெயகணேஷ் அதைப் பிடுங்கிய வேகத்தில் பையன் வீரிட்டான். அவர் அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கையைக் கழுவினார், வாயைக் கழுவினார், முழங்காலைக் கழுவினார், மறுபடியும் கையைக் கழுவினார். பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. உமாராணி போய்க் குழாயை மூடிவிட்டு, "போதும். ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும்" என்றாள்.

*

டாக்டர் கிருபாநிதி முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. பையனுடைய ரத்தத்தை உடனே எடுத்து அனுப்பச் சொன்னார். "தவழ ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்தானே ஆகுது? நல்லா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மூத்தவளுக்கு ஊசி வேலை செய்யுது. ஆனா பேச்சு, படிப்புல பாதிப்பு இருக்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு மட்டும் ரெண்டு பிள்ளையும் திரும்பப் போகக் கூடாது."

வார்டு வாசலில் செல்லக்கனி நின்றிருந்தாள். கன்னத்தில் ஐந்து விரல் தடம் மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது. ஜெயகணேஷ் அவள் முன்னால் போய் நின்றார். ஒரு காலில் இன்னும் செருப்பு இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகை, சட்டி, டாக்டரிடம் சொன்ன பொய், செபாஸ்டினின் உதடு. ஒன்றையும் விடவில்லை.

அவர் முடிக்கும் வரை செல்லக்கனி வார்டுக்குள் இருந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது வம்சத்துல வர்ற வலிப்பு இல்லியா?" என்றாள் கடைசியில். கேட்டது கணவனிடம் இல்லை, உமாராணியிடம்.

"இல்லம்மா. ஈயத்தால வந்தது. முழுக்க முழுக்க ஈயம்."

"நிச்சயமாவா?"

"டாக்டரே சொல்லியாச்சு. நீ எதுக்காக இவ்வளவு நாள் மறைச்ச?"

அவள் சுவரில் சாய்ந்தாள். "என் தம்பிக்கு உண்டு. சின்னதுலருந்து. பொண்ணு பாக்க வந்தப்போ எங்க வீட்டுல மறைச்சிட்டாக. அஞ்சு வருசமா அவனை என் வீட்டு வாசப்படி ஏற விடல. ஏறினா இவுக முன்னால வந்திருமோன்னு பயம். பிள்ள பிறந்ததுக்குக்கூட அவன் வரல. அன்னைக்குக் கடையில தர்ஷு வெட்டி இழுத்ததும், எங்க ரத்தம்தான் பிள்ளையத் தின்னுதுன்னு நெனச்சேன். அதான் வாயத் திறக்கல. அடிச்சப்பகூட, தகும்னு வாங்கிக்கிட்டேன்."

"செல்லம்..." என்று ஜெயகணேஷ் ஓர் அடி எடுத்துவைத்தார்.

"நீங்க அங்கன இருங்க." குரல் உயரவில்லை. "பெஞ்சுல போய் உக்காருங்க. நான் கூப்பிடும்போது வந்தாப் போதும்."

அவர் போய் உட்கார்ந்தார்.

மாடிப்படியில் டெரன்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். உமாராணி அவனைக் கண்ணாலேயே கேட்டாள். "நாலு தையல். போலீஸ்ல சொல்லலாம்னேன். முதல்ல அந்தப் பிள்ள எந்திரிக்கட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டான்" என்றான். பிறகு, "நான் அந்தப் பேரச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றான். "ஆமா" என்றாள் உமாராணி. தன் பக்கத்தில் உட்கார இடம் விட்டாள்.

எதிரே, செல்லக்கனி கைபேசியில் ஒரு பெயரைத் தேடி எடுத்துக் காதில் வைத்தாள். ஸ்ரீவைகுண்டத்தில் யாரோ எடுத்தார்கள்.

"ஏலே செந்தூரு, அக்கா பேசுதேன்... ஆமா, இன்னும் ஆஸ்பத்திரிலதான். நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு வா... இல்லல, இங்கனயே வா. அத்தானும் இருக்காக. இருக்கட்டும், அவுக இருக்கும்போதே வா..."

எதிர்முனையில் ஏதோ கேட்டான். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஆட்டுவது அவனுக்குத் தெரியாது என்று உறைத்த பிறகுதான் குரல் வந்தது.

"இல்லல. ஒன்னால இல்ல. நம்ம யாராலயும் இல்லல."